அரிசி வண்டும் நச்சு வாயுவும்

சென்ற பௌர்ணமியன்று மாலை ஈஜிபுராவில் நம் அன்பர் ஒருவரின் இல்லத்தில் கூடியிருந்தோம். பஞ்சசீலம் ஓதி முடிந்து தேநீர் வழங்கப்பட்டபோது, அதே தெருவில் சிறு மளிகைக் கடை நடத்திவரும் அம்மையார் ஒருவர் எழுந்து, சற்றுத் தயக்கத்துடன் ஓர் ஐயத்தை முன்வைத்தார். அவர் கடையில் அடுக்கியிருந்த ஆறு மூட்டை அரிசியிலும் வண்டு விழுந்துவிட்டதாம். யாரோ ஒரு விற்பனையாளர் குழாயில் அடைத்த மாத்திரைகளைக் கொடுத்து, மூட்டைக்கு ஒன்று செருகி வைத்தால் போதும், மறுநாளே விற்கலாம் என்று சொல்லிச் சென்றாராம். "போட்டா பாவமாங்க ஐயா? போட்ட அரிசிய வித்தா பாவமா?" என்பதே அவர் கேள்வி.

ஒரே மூச்சில் அவர் கேட்டவை இரண்டு கேள்விகள். கூடியிருந்தோரில் பெரும்பாலோர் முதலாவதைப் பற்றிக்கொண்டு விவாதிக்கத் தொடங்கினர். வண்டுக்கு வேதனை உண்டா, இல்லறத்தாருக்கு விலக்கு உண்டா என்று பேச்சு நெடுநேரம் சென்றது. இரண்டாவதை எவரும் தொடவில்லை. அதுவே கடினமானது என்பது நமக்கும் அப்போது புலப்படவில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

முதற் கேள்விக்கு நம் மரபில் தெளிவான விடை உண்டு. அதை மழுப்பிச் சொல்வதில் பயனில்லை. உயிர்க்கொலை நிறைவுற ஐந்து உறுப்புகள் வேண்டும் என்பர் பாளி உரையாசிரியர். உயிர் ஒன்று இருத்தல், அது உயிர் என அறிதல், கொல்லும் எண்ணம், அதற்குரிய முயற்சி, அம்முயற்சியால் உயிர் நீங்குதல் என்பன அவை. மூட்டைக்குள் மாத்திரையைச் செருகுகிறவரிடம் இவ்வைந்தும் உள்ளன. பருகும் நீரில் சிற்றுயிர் இருக்கலாகாதென்று நீர் வடிகட்டியையும் பிக்குவின் எட்டு உடைமைகளுள் ஒன்றாக வைத்த மரபு இது. வண்டு மிகச் சிறியது என்ற சமாதானம் இங்கே செல்லாது.

ஆயினும் இல்லறத்தார் உண்ண வேண்டும், பிறரை உண்பிக்கவும் வேண்டும். பசிப்பிணி தீர்த்தலைப் பேரறமாகப் பேசும் மணிமேகலையும் நம் மரபின் நூலே. இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தைச் சார்ந்த நிலையமொன்று 2015இல் வெளியிட்ட ஆய்வு, இந்நாட்டில் அறுவடை முதல் சேமிப்பு வரை தானியங்களில் 4.65 முதல் 5.99 விழுக்காடு வரை வீணாகின்றது எனக் கணக்கிட்டது. அவ்விழப்பில் பூச்சிகளுக்கும் பங்குண்டு. ஒரு பெண் கூன்வண்டு தன் வாழ்நாளில் முந்நூறு முட்டைகள் வரை இடக்கூடும். ஒவ்வொரு முட்டைக்கும் ஓர் அரிசி மணியைத் துளைத்து, முட்டையை உள்ளே வைத்து, வாயை அடைத்துவிடும். புழு மணிக்குள்ளேயே வளர்கின்றது. ஆகவே சலித்தாலும் புடைத்தாலும் வெளியே திரியும் வண்டு போகுமேயன்றி உள்ளே உறங்கும் தலைமுறை போகாது. மனிதன் வாயுவை நாடியதற்குக் காரணம் இதுவே. மணிக்குள் புகவல்ல பொருள் காற்றைப் போன்றதொன்றே அன்றோ?

ஆகவே, கொலை கொலைதான். அதைக் குறைக்கும் வழிகளை முதலில் தேடுக. தேடியும் இயலாதபோது, செய்வது இன்னதென்று அறிந்து செய்க. முதற் கேள்விக்கு நம்மால் இயன்ற விடை அவ்வளவே. உழவன் கலப்பையின்கீழும் உயிர்கள் மாளத்தான் செய்கின்றன.

அன்று பேச்சைத் திருப்பியவர் ஒரு முதியவர். ஒயிட்ஃபீல்டுப் பக்கத்துத் தானியக் கிடங்கொன்றில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்றவர். சுவரோரம் அமர்ந்து, அதுவரை ஒரு சொல்லும் பேசாதிருந்தார். அம்மையாரிடம், "அந்தக் குழாய் இப்ப எங்கம்மா இருக்கு?" என்று கேட்டார். கடையில், கல்லாப் பெட்டிக்குக் கீழே, என்றார் அவர். பிரிக்கவில்லை என்றும் சொன்னார். பக்கத்திலிருந்த இளைஞர் ஒருவர், "சாக்கடையில கொட்டிட்டா தீர்ந்தது" என்றார். முதியவர் சட்டென நிமிர்ந்து, "தண்ணி பட்டா அத்தனையும் ஒரேயடியா வாயுவாயிடும் தம்பி. சாக்கடை யார் வீட்டுக்கு அடியில போகுதுன்னு தெரியுமா?" என்றார். அறை அமைதியாயிற்று.

பின்னர் அவர் விளக்கியதையும், நாம் படித்தறிந்ததையும் சேர்த்து இங்கே தருகிறோம்.

அம்மாத்திரை அலுமினியம் பாஸ்பைடு என்னும் பொருளாலானது. காற்றிலுள்ள ஈரம் பட்டதும் அது மெல்லச் சிதைந்து பாஸ்பீன் என்னும் வாயுவை வெளியிடும். மூன்று கிராம் எடையுள்ள மாத்திரை ஏறத்தாழ ஒரு கிராம் பாஸ்பீனைத் தரும்; எஞ்சுவது சாம்பல் நிறத் தூள். அத்தூளிலும் சிதையாத நஞ்சு சிறிது தங்கியிருக்கக்கூடும். மனிதன் இவ்வாயுவைச் சுவாசித்து நஞ்சேறினால் அதற்கு மாற்று மருந்து இன்றளவும் இல்லை. உடல் தாங்கும்வரை மருத்துவர் உடலைத் தாங்கிப் பிடிக்கலாம், அவ்வளவே. பூண்டின் நெடியோ அழுகிய மீனின் நெடியோ வீசினால் வாயு இருக்கிறதென்று பலர் நம்புகின்றனர். தூய பாஸ்பீனுக்கு நெடி இல்லை. நெடி உடன் கலந்த மாசுகளுடையது. அம்மாசுகளைத் தானியம் முதலில் உறிஞ்சிக்கொள்ள, நெடி மறைந்தும் வாயு மறையாத நிலை ஏற்படுவதுண்டு. மூக்கை நம்பிக் கிடங்குக்குள் நுழைந்தவன் மூக்கால் ஏமாற்றப்படுவான்.

கிடங்கில் இவ்வேலை நடக்கும் விதத்தையும் பெரியவர் சொன்னார். மூட்டை அடுக்கின்மீது காற்றுப் புகாத தார்ப்பாயைப் போர்த்தி, அதன் ஓரங்களை மணல் நிரப்பிய நீண்ட பைகளால் தரையோடு அழுத்தி, மண்டையோட்டுப் பலகையை மாட்டிக் கதவைப் பூட்டுவார்கள். அதன்பின் ஏழு நாள் ஒருவரும் அருகே செல்லலாகாது. எட்டாம் நாள் கதவுகளைத் திறந்து, தார்ப்பாயின் ஓரங்களை மட்டும் தூக்கிவிட்டு விலகிப் போய்விட வேண்டும். காற்றாட விட்டு, கருவியால் அளந்து பார்த்த பின்னரே மூட்டையில் கை வைக்கலாம். "வண்டக் கொல்றது மாத்திரை இல்லீங்க, நாளு. நாள் பத்தலைன்னா எத்தன மாத்திரை போட்டும் பிரயோசனமில்லே" என்றார் அவர்.

இவ்வொரு வாக்கியத்தில் பெரிய உண்மை அடங்கியிருக்கிறது. பாஸ்பீன் மெதுவாகக் கொல்லும் வாயு. வளர்ந்த வண்டு விரைவில் இறக்கும். முட்டையும் கூட்டுப்புழுவும் நெடுநேரம் தாங்கும். வாயுவின் அளவை இருமடங்காக்கிக் காலத்தைப் பாதியாக்கிவிடலாம் என்றெண்ணுவது தவறு. அளவு மிகும்போது பூச்சி ஒருவகை மயக்கத்தில் ஆழ்ந்து, சுவாசத்தை ஒடுக்கிக்கொண்டு, பிழைத்துவிடுவதும் உண்டு. அவசரத்துக்கு இது இணங்குவதில்லை. தார்ப்பாயில் ஓட்டையும் நாளில் குறைவுமாகச் செய்த வேலையில் பிழைத்த பூச்சிகள் தம்மினும் வலிய சந்ததியை விட்டுச் சென்றன. 1972, 1973ஆம் ஆண்டுகளில் உலக உணவு வேளாண்மை நிறுவனம் பல நாடுகளில் நடத்திய ஆய்விலேயே பாஸ்பீனை எதிர்த்து நிற்கும் பூச்சிகள் காணப்பட்டன. இன்று இந்தியக் கிடங்குகளிலும் தானியத் துளைப்பானும் சிவப்பு மாவு வண்டும் அவ்வலிமை பெற்றுள்ளன. அரைகுறையாகக் கொன்றவன் கொலையையும் செய்தான், வண்டையும் வளர்த்தான்.

ஒழுங்காக ஏழு நாள் மூடி, ஒழுங்காகக் காற்றாட விட்ட தானியத்தில் எஞ்சும் பாஸ்பீன் மிகமிகக் குறைவு. பன்னாட்டு உணவு நெறியம் தானியத்துக்குக் கிலோ ஒன்றுக்கு 0.1 மில்லிகிராம் என வரம்பு வைத்துள்ளது. முறைப்படி செய்தால் அதற்குள் அடங்கும். ஆகவே 'வாயு போட்ட அரிசி' என்று கேட்டவுடன் அஞ்சி ஓடுவதும் அறியாமையே. நியாயவிலைக் கடையில் நாம் வாங்கும் அரிசியில் பெரும்பகுதி என்றோ ஒரு நாள் அத்தார்ப்பாயின்கீழ் இருந்ததுதான். ஆபத்து எங்கே நுழைகிறதென்றால், 'மறுநாளே விற்கலாம்' என்று அம்மையாரிடம் சொல்லப்பட்ட அந்தச் சொல்லில்தான். அவர் கடை வீட்டின் முன்னறை. பின்னறையில் பேரக்குழந்தைகள் உறங்குகின்றனர். இடையில் இருப்பது ஒரு துணித்திரை. இம்மருந்தை அரசு நிறுவனங்களும், தகுதி பெற்ற வல்லுநரின் மேற்பார்வையில் பூச்சி ஒழிப்புத் தொழில் செய்வோரும் மட்டுமே கையாளலாம் என்பது இந்நாட்டுச் சட்டம். மூன்று கிராம் மாத்திரைகளைப் பத்தும் இருபதுமாகக் குழாயிலிட்டு விற்பதே தடைசெய்யப்பட்டுள்ளது. தடைசெய்யப்பட்ட பொருள் ஈஜிபுராவின் குறுந்தெரு வரை நடந்து வந்துவிட்டது.

இது வீண் அச்சமன்று. 2024 நவம்பரில் சென்னைக்கு அருகே குன்றத்தூரில் ஒரு வீட்டில் எலிகளுக்காக வைத்த மருந்தின் நெடியைச் சுவாசித்து இரு குழந்தைகள் உறக்கத்திலிருந்து மீளவில்லை. பெற்றோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். அவ்வாண்டு ஆகஸ்டில் இதே பெங்களூரில், விடுதியில் எலிமருந்து தெளித்ததால் செவிலியர் படிப்பு மாணவர் 19 பேர் நோயுற்றனர். அவை தானியத்துக்கு இட்ட மருந்துகள் அல்ல எனினும், குறை ஒன்றே. மூடிய அறையில் மனிதர் இருக்கையிலேயே நஞ்சு வைக்கப்பட்டது.

இங்கேதான் இரண்டாம் கேள்வி நம்மை எதிர்கொள்கிறது. வண்டைக் கொல்பவரிடம் ஐந்து உறுப்புகளும் உள்ளன என்றோம். குழந்தையின் மரணத்துக்குக் காரணமானவரிடம் எத்தனை உள்ளன? கொல்லும் எண்ணம் அவரிடம் இல்லவே இல்லை. எண்ணமே வினை என்பதை எழுத்தளவில் மட்டும் கொண்டால், வண்டைக் கொன்றவர் குற்றவாளி, குழந்தையை இழக்கச் செய்தவர் குற்றமற்றவர் என்று முடியும். நம் நெஞ்சம் அதை ஏற்க மறுக்கிறது. நெஞ்சம் மறுப்பது சரியா, அல்லது அது வெறும் பாசமா?

சரியென்றே நாம் கருதுகிறோம். அறியாமல் நிகழ்ந்ததும், அறிய முயலாமல் நிகழ்ந்ததும் ஒன்றல்ல. மாத்திரையை விற்றவருக்கு ஏழு நாள் கணக்கு தெரியாதெனில், தெரிந்துகொள்ளாமல் ஒரு நஞ்சை விற்கத் துணிந்தது அவர் செயல். தெரிந்தும் 'மறுநாள்' என்று சொன்னாரெனில், அது பொய். நான்காம் சீலத்தில் வந்து நிற்கும். கௌதமர் விழிப்பின்மையை ஒரு குறைபாடாக மட்டும் கூறாமல் மரணத்தோடே சேர்த்துப் பேசினார் என்பது நம் வாசகர் அறிந்ததே. கவனியாதிருத்தல் ஒன்றும் செய்யாதிருத்தல் போலத் தோன்றினும், அதுவும் ஒரு செயல். காத்திருக்க வேண்டிய ஏழு நாளை ஒரு நாளாக்கியவர், தம் ஆறு நாள் இலாபத்தைப் பெயர் தெரியாத ஒருவரின் மூச்சிலிருந்து எடுத்துக்கொள்கிறார்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு, வன்மையானதுதான். அறிந்தவர்களே தவறினால் என்ன சொல்வது? நம் வீட்டுப் பெரியோர் சிலருக்கு நினைவிருக்கலாம். எத்திலீன் டைபுரோமைடு என்னும் திரவத்தைச் சிறு கண்ணாடிக் குமிழிகளில் அடைத்து, ஒரு குவிண்டால் தானியத்துக்கு மூன்று மில்லிலிட்டர் என்ற அளவில், குதிருக்குள் உடைத்துப் போட்டு மூடும்படி உழவர் குடும்பங்களுக்கு ஒரு காலத்தில் அரசு அறிவுரையே வழங்கப்பட்டது. வல்லுநர் சொன்னார், மக்கள் செய்தனர். அத்திரவம் தானியத்தில் ஒட்டிக்கொண்டு எளிதில் விலகாதென்பதும், எலிகளுக்குப் புற்றுநோய் உண்டாக்கியதென்பதும் 1970களில் வெளிவந்தன. அமெரிக்காவில் கடையிலிருந்த மாவிலும் கேக் கலவையிலும்கூட அது கண்டுபிடிக்கப்பட்டு, 1984இல் தானியத்துக்கு இடுவது நிறுத்தப்பட்டது. இந்தியாவில் தடை வந்தது 2001இல். இடைப்பட்ட 17 ஆண்டுகள் நம்மை உறுத்துகின்றன. குமிழியை உடைத்த தாயின் மீது குற்றமில்லை. முதன்முதல் பரிந்துரைத்த விஞ்ஞானியின் மீதும், அன்று கிடைத்த அறிவைக் கொண்டு நோக்கின், குற்றம் சொல்வதரிது. 1984க்குப் பிறகும் கோப்பைப் புரட்டாதிருந்தவர் எவரோ, அவரை அவ்வளவு எளிதில் விடுவிக்க நமக்கு மனம் வரவில்லை.

மெத்தில் புரோமைடு என்ற மற்றொரு வாயு உண்டு. விரைந்து கொல்வதால் வணிகர் விரும்பியது. அது வானத்து ஓசோன் படலத்தை அரிப்பது தெளிந்தபின், 1992இல் மான்ட்ரியல் உடன்படிக்கையின்கீழ் கொணரப்பட்டு, வளர்ந்த நாடுகளில் 2005இலும் பிற நாடுகளில் 2015இலும் பொதுப் பயன்பாட்டிலிருந்து நீக்கப்பட்டது. கப்பலேறும் சரக்கின் நோய்த்தடுப்புக்கு மட்டும் விலக்கு உண்டு. தீங்கு உண்பவனைத் தாண்டி மேகத்துக்கு மேலும் செல்லுமென்று யார் நினைத்திருப்பார்?

மசாலைப் பொருள்களின் கதை இன்னும் அண்மையது. எத்திலீன் ஆக்சைடு என்பது கிருமிகளைக் கொல்லும் வாயு. மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பதென உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வகம் 1994இலேயே அதனை முதல் வகுப்பில் சேர்த்தது. 2020இல் இந்திய எள்ளில் அது இருந்ததாக ஐரோப்பா முழுதும் எச்சரிக்கை பரவிற்று. 2024 ஏப்ரலில் ஹாங்காங் அதிகாரிகள் எம்.டி.எச்., எவரெஸ்ட் ஆகிய நிறுவனங்களின் சில மசாலைப் பொடிகளில் அதைக் கண்டதாக அறிவித்தனர். தம் பொருள்கள் பாதுகாப்பானவை என்று அந்நிறுவனங்கள் மறுத்தன. வழக்கில் தீர்ப்பளிப்பது நம் வேலையன்று. நம்மைச் சிந்திக்க வைத்தது வேறொன்று. அமெரிக்கச் சட்டம் மசாலைப் பொருளில் பத்து லட்சத்தில் ஏழு பங்கு வரை இவ்வாயுவை அனுமதிக்கிறது. ஐரோப்பியச் சட்டம் பத்து லட்சத்தில் பத்தில் ஒரு பங்கை, அதுவும் அதன் சிதைவுப் பொருளையும் சேர்த்தே, வரம்பாகக் கொள்கிறது. வயிறு ஒன்றே, வரம்பு எழுபது மடங்கு வேறு. வரம்பு என்பது இயற்கை எழுதிய கோடல்ல, கிருமியால் வரும் தீங்கையும் வாயுவால் வரும் தீங்கையும் எடைபோட்டு மனிதர் செய்துகொண்ட முடிவு என்பது இதனால் விளங்கும். 'சட்டத்துக்குள்தானே விற்கிறேன்' என்பவர் சட்டத்துக்கு விடை சொல்லிவிட்டார். உண்பவருக்கு இன்னும் சொல்லவில்லை. 2024 மே மாதத்தில் நறுமணப் பொருள் வாரியம் ஹாங்காங்குக்கும் சிங்கப்பூருக்கும் செல்லும் சரக்கை இவ்வாயுவுக்காகக் கட்டாயம் சோதிக்க ஏற்பாடு செய்தது. நல்லதே. கடல் கடக்கும் மூட்டைக்குள்ள அதே கட்டாயம் கோரமங்கலாவுக்கும் ஈஜிபுராவுக்கும் வரும் மூட்டைக்கு ஏன் வேண்டாம் என்று கேட்பவரை நாம் வம்புக்காரர் எனக் கொள்ளமாட்டோம்.

அன்று அம்மையாருக்கு நாம் சொன்ன யோசனைகள் எளியவை, புதியனவும் அல்ல. ஈரப்பதம் குறைந்த தானியத்தில் வண்டு எளிதில் பெருகாது. துவரையைச் செம்மண் கட்டிக் காயவைத்ததும், பருப்பில் விளக்கெண்ணெய் தடவியதும், குதிரில் வேப்பிலையும் நொச்சியும் வசம்பும் இட்டதும் நம் பாட்டிமார் கொலையின்றியே வண்டை விலக்க முயன்ற வழிகள். பல்லாயிரம் டன் அடுக்கும் கிடங்குக்கு அவை போதமாட்டா. அங்கே காற்றுப் புகாத உறைகளும், கரியமில வாயுவோ நைட்ரஜனோ நிரப்பி உயிர்வளியைக் குறைக்கும் முறையும் வழக்கத்துக்கு வந்துகொண்டிருக்கின்றன. அவையும் கொல்வனவே, உண்பவருக்கு நஞ்சை மிச்சம் வைப்பதில்லை. ஆறு மூட்டைக் கடைக்கு வேப்பிலையும் வெயிலும் பெரும்பாலும் போதும். ஒரேயடியாக ஆறு வாங்காமல் இரண்டிரண்டாக வாங்குவது அதனினும் நன்று. அதற்குக் கைமுதல் வேண்டும், ஒவ்வொரு முறையும் வண்டிக் கூலி வேண்டும் என்று அவர் சொன்னபோது நம்மிடம் விடையில்லை.

குழாயை மறுநாள் காலை முதியவரே வாங்கிச் சென்று, உரிமம் பெற்ற பூச்சி ஒழிப்பாளர் ஒருவரிடம் ஒப்படைத்தார். நம் இளைஞர்கள் மூவர் அம்மையாரின் அரிசியை மாடிக்குத் தூக்கிப் போய்ப் பாய் விரித்துப் பரப்பினர். இளவெயில் ஏறியதும் வண்டுகள் அரிசியை விட்டுச் சாரை சாரையாய்ப் பாயின் விளிம்பைக் கடந்து நிழல் தேடி நடந்தன. அதைக் காண அத்தெருப் பிள்ளைகள் எல்லாரும் கூடிவிட்டனர். முற்றிலும் துளைபட்டுப்போன ஒரு மூட்டையைக் கோழித் தீவனத்துக்குக் கொடுத்தாயிற்று. எஞ்சியதைச் சலித்து, வண்டு விழுந்த அரிசி, களைந்து ஆக்குக என்று வாங்குவோரிடம் சொல்லியே கிலோவுக்கு எட்டு ரூபாய் குறைத்து விற்றார். சிலர் வாங்கினர். சிலர் அரிசியைக் கையில் அள்ளிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல், இரண்டு தெரு தள்ளியிருக்கும் கடைக்குச் சென்றனர். அக்கடையில் எப்போதும் வண்டு இருப்பதில்லை; காரணத்தை அங்கே எவரும் கேட்டதுமில்லை என்று அம்மையார் சொன்னார்.